அடித்தால் படம் வரும்

அவர் வீட்டு வாசலில் நான் முதன்முதலாகச் செருப்பைக் கழற்றியபோது, உள்ளேயிருந்து ஒரு ரிமோட் பறந்து வந்து என் நெற்றியில் பட்டது. பேட்டரிகள் இரண்டும் தனித்தனியாக முற்றத்தில் உருண்டன.

"நீதான் நெட்டுக்காரனா? எவ்ளோ நேரமாடா சுத்திக்கினே கீது, வந்து பாரு!"

அதுதான் எங்கள் அறிமுகம். நெற்றி புடைத்ததைத் தடவிக்கொண்டே உள்ளே போனேன். அவர் மனைவி சின்னப்பொண்ணு அக்கா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என் நெற்றியைப் பார்க்கவில்லை. முற்றத்துக்குப் போய் பேட்டரிகளைத் தேடி எடுத்து ரிமோட்டில் போட்டு, அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

திருப்பத்தூரிலிருந்து மலைமேல் புதூர்நாட்டு ஊர்களுக்கு ஃபைபர் கேபிள் இழுத்த ஒரு சின்ன நிறுவனத்தில் அப்போது நான் லைன்மேன். ஊர் அடிவாரத்தில். வயது முப்பத்தாறு, இரண்டு பெண் பிள்ளைகள். ஒரே ஒயரில் இன்டர்நெட்டும் வரும், டிவியும் வரும் என்று சொல்லி வீடு வீடாக இணைப்புக் கொடுத்திருந்தோம். காற்றடிக்காத நாட்களில் வரத்தான் செய்தது. மற்ற நாட்களில் புளி உலுக்குகிறவர்கள் கிளையோடு ஒயரையும் இழுத்துவிடுவார்கள். பலாப்பழ லோடு ஏற்றிய லாரி அறுத்துக்கொண்டு போகும். குரங்குகள் தொங்கும். முழுதாக அறுந்துவிட்டால்கூட ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். அரையும் குறையுமாக வரும்போதுதான் தாங்கமாட்டார்கள். முகம் கட்டம் கட்டமாக உடையும். வாய் அசைந்து முடிந்த பிறகு பேச்சு வரும். நடுவில் ஒரு வளையம் சுற்றிக்கொண்டே நிற்கும்.

அவர் பார்த்தது கபடி மட்டும்தான். மலை ஊர்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுபவர். சாயங்காலம் கடைசி டிரிப் முடித்து ஜீப்பை வாசலில் நிறுத்தினால் கை கால் கழுவாமல் டிவி முன்னால் போய் நிற்பார். உட்கார்ந்து பார்த்து நான் கண்டதில்லை. ரெய்டு போனவனை நாலு பேர் அமுக்கிப் பிடித்திருக்க, அவன் கையை நீட்டிக் கோட்டைத் தொடப்போகிற அந்த நேரத்தில்தான் எப்போதும் படம் நிற்கும். அப்படித்தான் அவர் சொல்வார்.

"தொட்டானா, தொடலியாடா? சொல்லு! நீதான லைன் குடுத்த? தொட்டானா?"

எனக்கு எப்படித் தெரியும்?

ஐம்பதை ஒட்டிய வயது. குட்டையான கட்டுடம்பு. அந்த உடம்புக்குக் கைகள் மட்டும் பெரியவை. உலகத்தில் எதையும் அவர் அடித்துத்தான் பழகியிருந்தார். ஜீப் கிளம்பாவிட்டால் பானட்டில் ஒரு குத்து விடுவார். பலாப்பழம் பழுத்திருக்கிறதா என்று மற்றவர்கள் தட்டிப் பார்ப்பார்கள், அவர் கட்டைவிரலால் குத்திப் பார்ப்பார். குழாயில் தண்ணீர் வராவிட்டால் குழாயை உதைப்பார். ஒருமுறை ஜீப்பில் ஏறிய ஒருவன் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணை இடித்துக்கொண்டே வந்திருக்கிறான். வளைவில் வண்டியை நிறுத்தி, அவனை இறக்கி, பல் இரண்டு போகிற அளவுக்கு அறைந்துவிட்டு, மறுபடி ஏற்றி ஊரில் கொண்டுபோய் விட்டார். அதையும் ஊரே பெருமையாகச் சொன்னது. பிரசவ வலி கண்ட பெண்களுக்கு எந்த நேரத்திலும் அவர் ஜீப் கிளம்பும். அதுவும் ஊரே சொன்னதுதான்.

"இருவது வருசம் ஒரு பெட்டி டிவி வெச்சினு இருந்தேன்டா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "படம் உருள ஆரம்பிச்சா எடது பக்கம் ஓங்கி ஒண்ணு வெப்பேன். நின்னுடும். கோடு வுழுந்தா தலைல ஒண்ணு. போய்டும். ஒரு நாளும் மெக்கானிக்க கூப்ட்டதில்ல. இது இன்னாடா டிவி? அடிச்சா ஒடையுது, படம் வர மாட்டேங்குது."

பழைய பெட்டிகளில் உள்ளே ஒரு ஈயப்பற்று விட்டிருக்கும், தட்டினால் ஒட்டிக்கொள்ளும் என்று நான் விளக்கினேன். இது வேறு, இதை அடித்தால் உடைந்துவிடும், ஒயருக்குள் வருவது வெளிச்சம் என்றேன். கண்ணாடி இழை, மடங்கினால் வெளிச்சம் கசிந்துவிடும் என்றேன். கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப வெளிச்சத்த சரியா அனுப்பு" என்றார்.

அடுத்த முறை போனபோது பார்த்தால், காற்றில் ஆடக்கூடாது என்று அவரே சுத்தியல் எடுத்து, சுவர் நெடுக இரண்டு விரற்கடைக்கு ஒரு ஆணி அடித்து, ஒவ்வொரு ஆணியையும் ஒயர் மேல் மடித்து நசுக்கியிருந்தார். மீட்டரை வைத்தால் வெளிச்சமே இல்லை. நான் ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கினேன். அவர் பக்கத்தில் நின்று, "வலுவாத்தானடா அடிச்சேன்" என்று முனகிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அவரை எனக்குப் பிடித்திருந்தது. இதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு நாள், தார்ப்பாய் போட்டு உயரமாக லோடு ஏற்றிய லாரி ஒன்று எங்கள் ஒயரை அறுத்துக்கொண்டு நிற்காமல் போனது. நான் பைக்கில் துரத்திப் பார்த்துவிட்டு நின்றுவிட்டேன். எதிரே ஜீப்பில் வந்தவர் விஷயம் கேட்டார். ஜீப்பைக் குறுக்கே திருப்பி லாரியை மறித்தார். கையில் ஜாக்கி கம்பி. முன் கண்ணாடி மூன்று அடியில் பொடியாகி டிரைவர் மடியில் கொட்டியது. அவனைக் காலரைப் பிடித்து இறக்கிக் கொண்டுவந்து, அறுந்த ஒயரின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்தார்.

"இவன் ஒட்டி முடிக்கிற வரிக்கும் புடிச்சினு நில்லு. கீழ வுட்ட, கைய ஒடச்சிடுவேன்."

நான் இழைகளை ஒவ்வொன்றாக ஒட்டிய ஒரு மணி நேரமும் அந்த டிரைவர், நெற்றியிலிருந்து ரத்தம் புருவத்தில் இறங்க, ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றான். துடைத்துக்கொள்ளக்கூடக் கையை எடுக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. எத்தனை லாரிகள் எத்தனை தடவை அறுத்துப் போட்டிருக்கின்றன! என் பக்கம் ஒருவர் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அடி வேறொருவன் மேல் விழும்வரை அப்படித்தான் தோன்றும்.

என் மேலும் விழுந்தது. கபடியில் ஏதோ பெரிய ஆட்டம் நடந்த மறுநாள். காலையில் புதூர்நாடு ஜீப் ஸ்டாண்டில் நான் பைக்கை நிறுத்தினேன். ஜீப் நிறைய ஆட்கள். என் ஊர்க்காரர்களும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர் ஸ்டியரிங்கிலிருந்து இறங்கி நேராக வந்தார்.

"நேத்து மேச்சு முழுக்கக் கட்டம் கட்டமா வந்துச்சுடா."

"காத்துணா. சேர்காட் பக்கம் கம்பம் சாஞ்சிடுச்சு. இப்பதான் போறேன்..."

முடிக்கவில்லை. காது அடைத்துக்கொண்டது. கண் முன்னால் வெள்ளையாக ஏதோ போனது. நான் பைக்கோடு சாய்ந்து எழுந்தபோது ஜீப்பில் யாரோ சிரித்தார்கள். அவர் எதுவும் நடக்காததுபோல் திரும்பிப் போய் வண்டியைக் கிளப்பினார். அறைந்தபின் அவருக்குக் கோபம் இருக்காது. அந்த நேரத்திலேயே போய்விடும்.

எனக்குப் போகவில்லை. சாய்ந்த கம்பத்தை நிமிர்த்தினேன். எல்லா வீட்டுக்கும் வெளிச்சம் சரியாகப் போகிறதா என்று பார்த்தேன். பிறகு அவர் ஊர் முனையில் இருக்கும் கம்பத்தில் ஏறி, ஜங்ஷன் பெட்டியைத் திறந்து, அவர் வீட்டுக்குப் போகும் இழையை மட்டும் எடுத்து ஒரு பேனா ரீஃபில் மேல் நாலு சுற்றுச் சுற்றி டேப் ஒட்டினேன். அறுக்கவில்லை. அறுத்தால் கண்டுபிடித்துவிடலாம். இப்படிச் சுற்றினால் வெளிச்சம் பாதி வழியில் கசிந்துவிடும். படம் வரும், உடையும், நிற்கும், மறுபடி வரும்.

மூன்று வாரம் அப்படியே விட்டேன். அவர் போன் செய்வார். "பாக்கறேன்ணா, மேல ப்ராப்ளம்ணா" என்பேன். ஒருமுறை நேரில் போய், டிவிக்குப் பக்கத்தில் இருந்த மோடம் பெட்டியின் முன் மண்டியிட்டு உட்கார்ந்து பட்டன்களை அமுக்குவதுபோல் நடித்துவிட்டு வந்தேன். அன்றைக்குச் சின்னப்பொண்ணு அக்கா தண்ணீர் கொண்டுவரவில்லை. உள்ளே படுத்திருக்கிறாள், காய்ச்சல் என்று அவர் சொன்னார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

வேறொரு நிறுவனத்தின் ஆள் இணைப்பு விற்க வந்து, கம்பத்தில் ஏறி, பெட்டியைத் திறந்து காட்டியிருக்கிறான். காற்றில் இப்படிச் சுற்றிக்கொள்ளுமா என்று இவர் கேட்டிருக்கிறார். கையால் சுற்றினால்தான் உண்டு என்று அவன் சொல்லியிருக்கிறான்.

அன்று மத்தியானம் நான் சாலையோரக் கம்பம் ஒன்றில் ஏணி போட்டு ஏறி நின்றிருந்தேன். ஜீப் வந்து நின்றது. அவர் ஏணிக்குக் கீழே வந்து அண்ணாந்து பார்த்தார். கையில் அந்த ரீஃபில் இருந்தது.

"இது நீ பண்ணதா?"

"எதுணா? எனக்குத் தெர்லயே."

"பொய் சொல்லாத. கேக்கறேன் இல்ல? நீ பண்ணதா?"

"சத்தியமா இல்லணா."

என் வலது காலைப் பிடித்து இழுத்தார். ஏணியின் படி ஒன்று தாடையில் இடித்தது. பிறகு தோள் கல்லில் மோதியது. உள்ளே ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. எழுவதற்குள் உதை விழுந்தது. விலாவில், முதுகில், மறுபடி விலாவில். நான் கத்தினேனா என்று நினைவில்லை. வாயில் மண்ணும் ரத்தமும் ஒரு பல்லும் இருந்தன. ஒவ்வொரு உதைக்கும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "நீ பண்ணதா? நீ பண்ணதா?" "ஆமா" என்றேன். நின்றுவிட்டது.

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றார். மூச்சு வாங்கியது. சாதாரணக் குரல். "எந்திரி."

என்னால் முடியவில்லை. அவர் குனிந்து பார்த்தார். தோளைத் தொட்டார், நான் அலறினேன். உடனே ஜீப்பில் இருந்தவர்களை எல்லாம் இறக்கிவிட்டார். தன் துண்டை எடுத்து என் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். கட்டிய விதம் அப்படிப் பதமாக இருந்தது. அந்தக் கைகளுக்கு அது தெரியும் என்று நான் நினைத்ததே இல்லை. குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி முன் சீட்டில் வைத்தார்.

அந்த மலைப்பாதையில் அவர் எவ்வளவு வேகமாக இறங்குவார் என்று எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு ஒவ்வொரு வளைவிலும் வண்டியை ஊர்ந்து போகவிட்டார். பள்ளம் வந்தால் ஒரு கையை நீட்டி என் மார்பைத் தாங்கினார்.

"கண்ண மூடாதடா. பேசு. எம்மா புள்ளைங்க உனக்கு?"

"ரெண்டு."

"பேரு சொல்லு."

சொன்னேன்.

"மறுபடி சொல்லு. சொல்லிக்கினே வா."

திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த டாக்டரம்மா எப்படி ஆயிற்று என்று கேட்டார். ஏணியிலிருந்து விழுந்துவிட்டேன் என்று சொன்னேன். ரீஃபில் விஷயம் வெளியே வந்தால் என் வேலை போய்விடும்.

"இல்லம்மா" என்றார் அவர். "அவன் பயத்துல சொல்றான். நான்தான் இழுத்துப் போட்டு ஒதைச்சேன்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். போலீஸ் வரும்வரை அவர் வெளியே பெஞ்சில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப்போல் உட்கார்ந்திருந்தார். ஓடவில்லை, யாரையும் போனில் கூப்பிடவும் இல்லை. போலீஸ்காரர் கேட்டதற்கும் அதையே சொன்னார். ஏன் அடித்தார் என்று கேட்டதற்கு மட்டும், "அது எங்களுக்குள்ள" என்று சொல்லி என்னைக் காப்பாற்றினார். ரிமாண்டில் வைத்தார்கள்.

காரை எலும்பு, விலா இரண்டு, பல் ஒன்று. வீட்டுக்கு வந்து கட்டோடு படுத்திருந்தேன். ஜீப் டிரைவர்கள் பழங்களோடு வந்தார்கள். எங்கள் பங்குச் சாமியார் வந்து, மன்னிப்பதுதான் பெரிது என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அடித்தவரே சுமந்துகொண்டு போய், அடித்தேன் என்று சொல்லவும் செய்தாரே, அப்படிப்பட்டவர் எத்தனை பேர் இருக்கிறார்கள்? என் தப்பை அவர் மறைத்தார். நானும் சமாதானமாகப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் சரியாகிவிடும். நினைக்கவே மனசுக்கு இதமாக இருந்தது. என் மனைவி மேரி எனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

எழுதிக் கொடுக்கப் போவதற்கு முந்தின நாள் காலையில் சின்னப்பொண்ணு அக்கா வந்தார். ஒரு பையில் சாமை அரிசி கொண்டுவந்திருந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர் ஒரே மூச்சில் இத்தனை பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"கேஸ வாபஸ் வாங்கப் போறியாமே?"

"ஆமாக்கா. தப்பு எம்மேலயும் இருக்குது. அவரு மறைக்காம ஒத்துக்கினாரு..."

"உன் விசயத்துல ஒத்துக்கினாரு." இடது கையால் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "என்னையும் அவருதான் தூக்கினு போவாரு. அதே ஜீப்பு. அதே மாரி மெதுவா ஓட்டுவாரு, பேசினே வா, பேசினே வாம்பாரு. ஆஸ்பத்திரியில டாக்டரு கேட்டா, கெணத்தடியில வழுக்கி வுழுந்துட்டேன்னு நான் சொல்லுவேன். அவரு பக்கத்துல நின்னு தலையாட்டுவாரு. ஆமா, வுழுந்துட்டாம்பாரு. ஒரு வாட்டி கூட நான்தான் அடிச்சேன்னு சொன்னதில்ல."

மேரி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அந்த மூணு வாரம் படம் கட்டம் கட்டமா வந்துச்சு பாரு" என்றார் அக்கா. "டிவிய அடிச்சா ஒடஞ்சிடும்னு நீதான் சொல்லிட்டுப் போன. அத அடிக்கல."

தலையைத் திருப்பி, முடியை ஒதுக்கி, வலது காதைக் காட்டினார். காது மடல் கறுத்துத் தடித்திருந்தது.

"இது இப்ப கேக்கறதில்ல. நீ பேசறது எடது காதுல வுழணும்னுதான் இப்டி திரும்பினு ஒக்காந்துகீறேன்."

"எனக்குத் தெரியாதுக்கா" என்றேன். அது உண்மைதான். காய்ச்சல் என்று சொன்ன அன்றைக்கு நான் கேட்கவில்லை, அதுவும் உண்மைதான்.

"உன்னத் திட்ட வர்ல. நீ சுத்தலன்னா வேற ஒண்ணு இருக்கும். கொழம்புல உப்பு இருக்கும். அவரு உள்ள போய் பன்னெண்டு நாளு ஆவுது. ஒரு மாசம் வெளிய வுடாத. எனக்கு ரெண்டு ஆடு கீது, துணிமணி கீது. படவேட்டுல எங்க அக்கா கீறா. நான் பொறப்பட்டுப் போவணும். அவரு இருந்தா என்னால போவ முடியாது. கேட்டா வுட்டுடுவாரு, ஆனா கேக்க முடியாது எனக்கு."

எழுந்து போய்விட்டார். மேரி என்னிடம், "நாளைக்கு இன்னா சொல்லப் போற?" என்று கேட்டாள். கல்யாணமான பத்து வருடத்தில் அவள் என்னிடம் அப்படிப்பட்ட குரலில் பேசியதில்லை.

மறுநாள் போலீசில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏணியிலிருந்து இழுத்தது, உதைத்தது, அதற்கு முன்னால் நான் ரீஃபில் சுற்றியது. சமாதானம் இல்லை என்று எழுதினேன். சின்னப்பொண்ணு அக்காவின் பேரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று அக்கா போகும்போது கேட்டிருந்தார். வேலை போனது. ஜீப் டிரைவர்கள் அதன்பிறகு என்னை ஏற்றிக்கொள்வதில்லை. சாமியார் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விட்டார். நான் வாணியம்பாடியில் ஒரு செருப்புக் கம்பெனியில் எலக்ட்ரிக்கல் வேலைக்குச் சேர்ந்தேன். கேஸ் நடந்து அவருக்குச் சில மாதத் தண்டனை கிடைத்தது. அவர் வெளியே வருவதற்கு முன்பே அந்த வீடு பூட்டிக் கிடந்தது. படவேட்டில் கோவிலுக்குப் போகும் வழியில் அக்கா பூ கட்டி விற்பதாக மேரி கேள்விப்பட்டு வந்து சொன்னாள்.

போன வருடம் ஒரு சாவுக்காகப் புதூர்நாடு போயிருந்தேன். மத்தியானம் திரும்புவதற்கு ஸ்டாண்டில் நின்றபோது அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. அதே ஜீப். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார். நான் ஓட நினைத்தேன், அதற்குள் அவர் அருகில் வந்துவிட்டார்.

"எலும்பு கூடிச்சா?" என்றார்.

"கூடிடுச்சுணா. மழைக்கு மட்டும் வலிக்கும்."

"எந்தத் தோளு?" என்று கேட்டுக்கொண்டே கையைத் தூக்கினார். தொட்டுப் பார்க்கத்தான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் என் உடம்பு சட்டென்று பின்வாங்கி, பக்கத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அவர் கை அப்படியே நின்றது. சுவரோடு ஒட்டி நின்ற என்னைப் பார்த்தார்.

"இப்டித்தான்டா அவளும் நவுருவா" என்றார். "நான் வூட்டுக்குள்ள வந்தா. டக்குனு செவுத்தோரம் போய்டுவா." கையை இறக்கினார். "எனக்கு வழி வுடுறாள்னு நெனச்சினு இருந்தேன்."

யாரோ வண்டி எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டார்கள். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு, என் மேல் படாதபடி நன்றாகத் தள்ளி நடந்து ஜீப்பின் மறுபக்கம் போனார். ஏறி உட்கார்ந்தார். முதல் தடவை வண்டி கிளம்பவில்லை. இரண்டாம் தடவையும் கிளம்பவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி உட்கார்ந்தே இருந்தார்.